நேபோ மலையில் அத்தை கேட்ட கேள்வி

மோசே சாகுமுன் ஏறி நின்று, கர்த்தர் வாக்குக் கொடுத்த தேசத்தைப் பார்த்த இடம் ஜோர்டான் நாட்டிலுள்ள நேபோ மலை. அங்கே நாங்கள் போன அன்று ஒரே புழுதி மூட்டம். மேலே எருசலேம் 46 கி.மீ. என்று திசை காட்டும் தகடு வைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் திரும்பினால் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளை, அவ்வளவுதான். கீழே சாக்கடல் மட்டும் ஈயத்தகடு போல மங்கலாகத் தெரிந்தது. "இதப் பாக்கவா ஏட்டி இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அத்தை.

மாதபாவிலிருந்து வரும்போதே போதகர் வேதாகமத்தில் உபாகமம் 34ஆம் அதிகாரத்தை பஸ்ஸில் வாசித்திருந்தார். கீலேயாத், தாண், நப்தலி, எப்பிராயீம், யூதா என்று கர்த்தர் தேசம் முழுவதையும் காட்டுகிறார், மோசேக்கு 120 வயது, கண் மங்கவில்லை, ஆனால் அந்தத் தேசத்தில் கால் வைக்க முடியாது. ஜனங்களுக்குத் தண்ணீர் வர கன்மலையோடு பேசு என்று கர்த்தர் சொன்னதற்குக் கோலால் இரண்டு தரம் அடித்துவிட்டார், அதற்குத்தான் இது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வேடிக்கை, யோர்தானுக்குக் கிழக்கே இருக்கிற இந்த நேபோவே இஸ்ரவேலரில் ரூபன் கோத்திரத்தாருக்குப் போனதுதான். ஆடுமாடு அதிகம், எங்களுக்கு இங்கேயே கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். ஆக மோசே கடைசியாக நின்று பார்த்ததும் அடுத்தவர் பங்கில் நின்றுதான்!

சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் 'சுதந்தரம்' என்று வரும்போதெல்லாம் ஆகஸ்ட் 15 என்றே நினைத்திருக்கிறேன். வேதாகமத் தமிழில் அது சொத்துப் பங்கு என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

எனக்கு அங்கே ஞாபகம் வந்தது, மகன் இல்லாமல் இறந்துபோன செலொப்பியாத் என்பவரின் ஐந்து மகள்கள். எரிகோவுக்கு எதிரே, மலையடியில் விரிந்து கிடக்கிற மோவாப் சமவெளியில்தான் அவர்கள் மோசே முன்னால் வந்து நின்றது. அப்பாவுக்கு மகன் இல்லை, அதற்காக அவர் பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் நிலம் கொடுங்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொல்லிவிட்டார். எண்ணாகமம் 27ல் இது முடிந்த கையோடு அடுத்த வசனத்தில், நீ மலையேறி தேசத்தைப் பார், பிறகு உன் ஜனத்தோடு சேர்க்கப்படுவாய், அதாவது இறந்துபோவாய் என்று மோசேக்கு உத்தரவு. இத்தனை வருஷம் இரண்டையும் தனித்தனியாகவே வாசித்திருக்கிறேன்.

அவர்கள் பங்கு வெறும் ஏட்டோடு நிற்கவில்லை. 1910ல் சமாரியாவில் தோண்டியபோது எண்ணெய், திராட்சரசக் கணக்கு எழுதின பானை ஓடுகள் கிடைத்தன, அவற்றில் அந்த மகள்களில் இரண்டு பேரின் பெயர்களான நோவாள், ஒக்லாள் இரண்டும் இடப் பெயர்களாக இருக்கின்றன.

அத்தைக்கு இதையெல்லாம் சொன்னேன். தாத்தா நிலத்தில் தன் பங்கைத் தன் தம்பிமாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் அத்தை. அந்த ஐந்து பேரின் பேர் என்ன என்று கேட்டார். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"சொந்தக்காரங்க சும்மாவா விட்டாங்க?"

விடவில்லைதான். வேறு கோத்திரத்தில் கட்டிக்கொடுத்தால் நிலம் போய்விடுமே என்று எண்ணாகமம் 36ஆம் அதிகாரத்தில் வந்து நிற்கிறார்கள். கடைசியில் ஐந்து பேரும் அப்பாவின் சகோதரர் மகன்களையே கட்டினார்கள்.

"பெரியப்பா மவனையா? அண்ணன் முறைல்லா!"

போதகர் ஜெபத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அத்தை அசையவில்லை. "நிலத்துக்காக என்னெல்லாம் செய்யணும் பாரு" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார்.