63ஆம் பாளையங்கோட்டை: ஒரு பதக்கத்தின் பின்னால்

5 ஜனவரி 2025, ஞாயிறு

டவுனில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி காலையிலேயே போன் செய்தார். "அண்ணாச்சி, ராசா தலை போட்ட வெள்ளி ஒண்ணு வந்திருக்கு. உருக்கட்டுமா, வாரியளா?" குளிக்காமலே கிளம்பிவிட்டேன்.

முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அபூர்வமான பொருள் ஒன்றுமில்லை, அறுபது லட்சத்துக்கும் மேல் அடித்துக் கொடுத்தார்கள். ரிப்பன் போய்விட்டது. மேலே இருக்க வேண்டிய நேர்க்கம்பியை வெட்டிவிட்டு வளையம் ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார்கள். அதிலேயே சந்தை மதிப்பில் பாதி போச்சு. ஆனால் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் ஒரு எண், சிப்பாய், ஒற்றைப் பெயர், அப்புறம் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்பென்ட்ரி. நான் குடியிருப்பதே பாளையங்கோட்டையில். அந்தப் பட்டாளத்தின் பெயர் பொறித்த பொருள் கைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

ஆசாரி எடை போட்டு வெள்ளி விலைதான் கேட்டார், கிராம் நூறு ரூபாய்க்குப் பக்கம். மேலே கொஞ்சம் சேர்த்தே கொடுத்தேன். அடுத்த தடவையும் போன் வர வேண்டுமே.

சிப்பாயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வாரிசுகள் இருக்கிறார்கள்.

8 ஜனவரி

வெர்னியர் காலிப்பரை எடுத்து உட்கார்ந்தேன். குறுக்களவு 36 மில்லிமீட்டர் வர வேண்டும், வந்தது. வார்ப்பில் செய்த போலி கொஞ்சம் சுருங்கியிருக்கும், ராஜாவின் தலைமுடியும் மழுங்கலாகத் தெரியும். அடுத்தது விளிம்பு. பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு வேறு பெயர் அடிக்கும் வேலை உண்டு. ராவிய இடத்தில் அளவு குறையும், அதனால் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் அளந்தேன். எங்கும் வித்தியாசமில்லை. பெயர் அசல்.

ராஜாவின் கன்னம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. சட்டையில் குத்திக்கொண்டு திரிந்த தேய்மானம் இப்படி இருக்காது. யாரோ வருடக்கணக்கில் துலக்கியிருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் எழுத்துப் பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. விபூதி மாதிரி இருக்கிறது.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

விபூதியேதான். விற்றவரிடம் கேட்டுவிட்டு ஆசாரி நம்பர் கொடுத்தார். சிப்பாயின் கொள்ளுப்பேரன், முப்பது வயது இருக்கும், நல்ல பிள்ளை. அவருடைய ஆச்சி இருந்தவரை பதக்கம் பூஜை அறையில்தான் இருந்ததாம்.

பதக்கத்தின் பின்பக்கத்தில் குதிரை மேல் ஒரு வீரன் வருகிறான். குதிரையின் காலடியில் கழுகுக் கேடயம், பக்கத்தில் மண்டையோடு, மேலே உதிக்கிற சூரியன். எதிரி நாடுகளை மிதித்து வெல்வதாக வில்லியம் மெக்மில்லன் என்ற சிற்பி செய்த உருவம். ஆச்சிக்கு அது சாஸ்தா. "எங்க சாஸ்தா குதிரையில வாராரு பாரு" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவாராம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் விபூதி போட்டுத் துலக்கி, சந்தனம் வைத்து, பூ வைப்பார். அந்த வீரன் உடம்பில் ஒட்டுத் துணி கிடையாது. ஆச்சி அதைக் கவனிக்கவில்லையா, சந்தனத்தால் மூடிவிட்டாரா, தெரியவில்லை.

வெள்ளிப் பதக்கம் இத்தனை வருடம் உலைக்குப் போகாமல் தப்பியது குதிரையால்தான் என்பேன். 1980இல் வெள்ளி விலை எகிறியபோது இங்கிலாந்திலேயே இவை ஏராளமாக உருகிப் போயின. இங்கே கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எத்தனை போயிருக்குமோ.

26 ஜனவரி

லீவு நாள். 1914இல் 63ஆம் பட்டாளம் சண்டை போட்ட டாங்கா பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எண்ணைப் பற்றி. 1903இல் இந்தியாவின் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் பட்டாளங்களுக்கு ஒரே வரிசையில் எண் கொடுத்தபோது, மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். 3ஆம் பாளையங்கோட்டை 63 ஆனது அப்படித்தான். 61, 64 என்று பார்த்தாலே மதராஸ் பட்டாளம் என்று புரிந்துகொள்ளலாம்.

1914 அக்டோபர் நடுவில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார்கள். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிப்பது திட்டம், இன்று அது தான்சானியாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஜெனரல் எய்ட்கனிடம் சுமார் 8,000 பேர். எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கிடம் ஆயிரத்தை ஒட்டி, பெரும்பாலும் அஸ்காரிகள் என்ற ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். வாரக்கணக்கில் கப்பலில் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தவர்களை ஓய்வே கொடுக்காமல் சதுப்புக் காட்டில் இறக்கினார்கள். நவம்பர் 4ஆம் தேதி புதருக்குள் இயந்திரத் துப்பாக்கி பேசத் தொடங்கியதும் 63ஆம் பட்டாளம் சிதறி ஓடியது. குண்டுபட்டுக் கலைந்த காட்டுத் தேனீக்கள் வேறு இரு தரப்பையும் கொட்டின. மறுநாள் கப்பலுக்குத் திரும்பியபோது ஜெர்மானியர் கையில் விட்டுவந்த தோட்டா மட்டும் சுமார் ஆறு லட்சம். எதிரி அதை வைத்துத்தான் அப்புறம் சண்டை போட்டான்.

பிரிட்டிஷ் அதிகாரிகள் எழுதியதையெல்லாம் படித்தால் பழி முழுக்க மதராஸ்காரன் தலையில். கோபம் வருகிறது. உளவும் பார்க்காமல், வருவதை எதிரிக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தியும்விட்டு, பயிற்சி போதாதவர்களை முன்னால் தள்ளிய ஜெனரலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். களப் பதக்கம் ஓடினவனையும் நின்றவனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. போனாயா, இந்தா. எனக்கு வீரப் பதக்கங்களைவிட இவற்றைப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

நம் சிப்பாய் டாங்காவில் இருந்தாரா? இந்த ஒரு பதக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. 1916இலோ 1917இலோ சேர்ந்து போனவருக்கும் இதே வெள்ளிதான். 1914-15 நட்சத்திரம் என்ற இன்னொரு பதக்கம் இருந்தால் 1915 முடிவதற்குள் களத்துக்குப் போனவர் என்று உறுதியாகும். வெண்கலத்தில் நாலு முனை, குறுக்கே இரண்டு வாள், மேலே கிரீடம். பெயர் பின்பக்கத்தில் இருக்கும்.

போரில் இறந்தவர்களின் பெயர்களை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினேன். அதில் பல இந்தியச் சிப்பாய்களுக்கு அப்பா பெயர், ஊர், தாலுகா எல்லாம் இருக்கிறது. இந்தப் பெயரும் எண்ணும் 63ஆம் பட்டாளத்தில் இல்லை. அதனால் பிழைத்து வந்தார் என்று முடிவு கட்டவும் கூடாது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, சிலர் எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அதே ஆணையம் 2021இல் ஒப்புக்கொண்டது. ஆனால் கொள்ளுப்பேரன் சொல்வது வேறு. தாத்தா ஊருக்கு வந்து, கல்யாணம் செய்து, வயக்காட்டில் கிடந்து, வயதாகித்தான் போனாராம்.

பஞ்சாப்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். போருக்குப் போன 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன, அவற்றில் பலவற்றை இப்போது ஊர் வாரியாக இணையத்தில் தேடலாம். செத்தவருக்குக் கல்லறை ஆணையம் இருக்கிறது, பஞ்சாபிக்குப் பதிவேடு இருக்கிறது. உயிரோடு திரும்பி வந்த மதராஸ் சிப்பாய்க்கு என் கைக்கு எட்டியவரை இந்த விளிம்புதான். ஆகவே யாராவது வைத்திருந்தால், தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள், வளையம் பற்றவைக்காதீர்கள்.

24 பிப்ரவரி

சுபேதார் சுப்பிரமணியன் நினைவு நாள். 1944இல் இத்தாலியில், உடன் இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிர்விட்ட மதராஸ் சாப்பர், அதாவது பட்டாளத்தின் பொறியியல் படைக்காரர். ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றவர். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

2 மார்ச், ஞாயிறு

ரிப்பன் வந்தது. நடுவில் ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். பழைய பட்டு என்று சொல்லி விற்றார்கள். புற ஊதா விளக்கில் பளீரென்று ஒளிர்கிறது, புது நூல். போகட்டும், பதக்கத்தோடு கோர்க்காமல் தனியாக வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கொள்ளுப்பேரன் வீட்டுக்கு வந்திருந்தார். நட்சத்திரம் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். பித்தளை மாதிரி ஒன்றைச் சின்ன வயதில் பார்த்த ஞாபகமாம், பெரிய அத்தை வீட்டிலா, பழைய இரும்புக்குப் போய்விட்டதா என்று தெரியாது. அதில் வெள்ளியும் இல்லை, குதிரையும் இல்லை. யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்?

பங்குனி உத்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாஸ்தா கோயிலில் கூடுவார்கள், அப்போது கேட்கிறேன் என்றார். நட்சத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் படமாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம், பின்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.