பிராசசர் சுமை 20 விழுக்காடு, ஆனாலும் ஒலி உடைகிறது

சென்ற மாதம் முழுவதும் என் மடிக்கணினியிலுள்ள ஒலிப்பதிவு மென்பொருளில் எந்தப் பாட்டை ஓடவிட்டாலும், காய்ந்த சருகை யாரோ மிதித்தாற்போலச் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு முறிவு கேட்டது. பாட்டும் அப்படியொன்றும் பெரியதன்று. குரல், கித்தார், கீபோர்டு, தாளம் எல்லாம் சேர்த்து 14 டிராக்குகள்தாம். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் சுமை 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை, நினைவகத்திலும் பாதி காலியாகவே இருந்தது. ஆயினும் கணினிக்கு வலு போதவில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, புதியது வாங்கக் கணக்குப் போடும் அளவுக்குப் போய்விட்டேன்.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைப் பத்து நாள் கழித்துத்தான் செய்தேன். பாட்டை ஒரு வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, சாதாரண பிளேயரில் கேட்டேன். இரண்டாவது நிமிடத்தில், குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தில் மட்டும் ஒரு சிறு கீறல் கேட்டது. மற்றபடி ஒலி தெளிவாக இருந்தது. ஏற்றுமதியின்போது மென்பொருளுக்குக் கெடு எதுவும் கிடையாது, ஒரு நொடி இசையைக் கணக்கிட இரண்டு நொடி பிடித்தாலும் கோப்பு சரியாகவே வரும். நேரடியாக ஓடவிடும்போது அந்தச் சலுகை இல்லை. ஆகவே முறிவு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் கேட்டு, ஏற்றுமதியில் காணாமல் போனால், பதிவில் குறையில்லை, ஓட்டத்தில்தான் குறை என்று கொள்ளலாம்.

ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவீடுகள், என்ற வேகத்தில் ஓடும் ஒலியை மென்பொருள் ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. பஃபர் எனப்படும் சிறு தொகுதிகளாகத் தயாரித்துக் கொடுக்கிறது. பஃபர் அளவு 256 சாம்பிள் என்றால், ஒரு தொகுதிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 5.3 மில்லி நொடி. அதற்குள் எல்லா டிராக்குகளும், அவற்றின் மேல் அடுக்கியிருக்கும் பிளக்-இன்களும் (ஒலியை உருவாக்கும் அல்லது மாற்றும் துணை மென்பொருள்கள்) கணக்கிடப்பட்டுக் கைமாற வேண்டும். ஒரு தொகுதி சற்றே பிந்தினாலும் ஸ்பீக்கருக்கு அந்தக் கணத்தில் ஒலிப்பதற்கு ஒன்றுமிருக்காது, அந்த வெற்றிடமே நம் காதில் முறிவாக விழுகிறது. ஒரு நொடியில் இப்படி ஏறக்குறைய 188 தொகுதிகள் கைமாறுகின்றன. அவற்றுள் ஒன்று தவறினாலே போதும். டாஸ்க் மேனேஜர் காட்டுவதோ சராசரி. மேலும், ஒரே டிராக்கில் வரிசையாகக் கோத்த பிளக்-இன்கள் பொதுவாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கிடப்பட முடியும் என்பதால், பிராசசரின் எட்டு கோர்களில் ஒன்று திணறிக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது 12.5 விழுக்காடாகத்தான் தெரியும். நான் நம்பிய எண் இத்தனை நாளும் எனக்குப் பொய் சொல்லவில்லை, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பஃபரை 1024 ஆக உயர்த்தினேன். கெடு 21 மில்லி நொடியாக நீண்டது, முறிவு குறைந்தது, ஆனால் மறையவில்லை. நம் குரலையே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடும்போதுதான் சிறிய பஃபர் தேவை. கலவை செய்யும்போது ஒலி 20 மில்லி நொடி பிந்தி வந்தால் எவருக்கும் நட்டமில்லை. அடுத்து, மென்பொருளின் அமைப்புகளில் விண்டோஸின் பொது டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) தேர்ந்தெடுக்கப்பட்டிருந்ததைக் கவனித்து, மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்களே தரும் ஏசியோ டிரைவருக்கு மாற்றினேன். 1997-இல் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு இது. எல்லா மென்பொருள்களின் ஒலியையும் கலக்கும் விண்டோஸின் மிக்ஸர் வழியாகப் போகாமல் ஒலியை நேரே கருவிக்குக் கொண்டுசேர்க்கிறது. இதனால் தாமதம் குறைந்தது. முறிவு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் நிலைத்துவிட்டது.

இவ்வளவு நீண்ட கெடுவையும் தவறவிடுகிறதென்றால், இடையில் வேறு யாரோ வழிமறிக்கிறார்கள் என்றுதானே பொருள்? லேட்டன்சிமான் என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். எந்த டிரைவர் பிராசசரை எவ்வளவு நேரம் விடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்பதை அது பட்டியலிடும். முதலிடத்தில் இருந்தது வைஃபை டிரைவர். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்கிவிட்டுப் பாட்டை மூன்று முறை ஓடவிட்டேன், ஒரு முறிவுகூட இல்லை. டிரைவர்களின் அவசர வேலைகளுக்கு எந்த மென்பொருளையும்விட முன்னுரிமை உண்டு, ஆகவே பாட்டை எத்தனை எளிமையாக்கினாலும் இந்தத் தடை அசையாது. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரின் புதிய பதிப்பை நிறுவியபின் நிலைமை பெருமளவு சீரானது. இருந்தாலும் பதிவு செய்யும் நேரத்தில் வைஃபையை அணைத்துவிடுவதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

மின்சேமிப்பையும் மறந்துவிடக் கூடாது. பேட்டரியில் ஓடும்போது பிராசசரின் வேகம் தாழ்ந்து தாழ்ந்து ஏறுவதால், மின்னிணைப்பைச் செருகி, பவர் பிளானை உயர்திறனுக்கு மாற்றுவது நல்லது. கனமான கீபோர்டு டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிட்டால், அது ஒலிக்கோப்பாக மாறிச் சுமை இறங்கிவிடும். புளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகாது என்பதே என் கருத்து. அதன் தாமதத்தை எந்தப் பஃபர் அமைப்பும் ஈடுகட்டாது. பாட்டு முறியாமல், சுருதி சுமார் ஒன்றரை அரைச்சுரம் ஏறி வேகமாக ஒலிக்கிறதென்றால் அது வேறு நோய்: நொடிக்கு 44,100 சாம்பிளில் பதிந்ததை 48,000-இல் ஓட்டுகிறீர்கள்.

எல்லாம் அடங்கியபின், ஏற்றுமதியில் கேட்ட அந்த இரண்டாவது நிமிடத்துக் கீறல் மட்டும் அதே இடத்தில் எஞ்சி நின்றது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. பாடும்போது மைக்கின் கெய்னை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, கூடுதலாகத் திறந்துவைத்திருக்கிறேன். இதற்கு எந்த டிரைவரும் பொறுப்பில்லை. அந்த வரியை நாளை மறுபடி பாடப்போகிறேன்.