அட்டையில் போலோ கிரவுண்ட்ஸ்: நாலாவது வாரம்

ஞாயிறு காலை எழுந்து வந்து பார்த்தால் என் அட்டை மைதானத்தின் இடப்பக்க மேல்தளம் தொங்கிப் போயிருந்தது. சார்ட் அட்டையில் ஃபெவிகாலை அள்ளிப் பூசினால் வேறென்ன ஆகும்? ராத்திரி அவசரப்பட்டது என் தப்புதான்.

நான் செய்துகொண்டிருப்பது நியூயார்க்கில் ஹார்லெம் ஆற்றோரம் இருந்த போலோ கிரவுண்ட்ஸ் என்ற பேஸ்பால் மைதானத்தின் மாதிரி. ஜயண்ட்ஸ் அணியின் சொந்த இடம். போலோ என்பது பெயரில் மட்டும்தான். அது 110ஆம் தெருவில் இருந்த பழைய மைதானத்தின் பெயர். அணி இடம் மாறியபோது பெயரும் மூட்டையோடு சேர்ந்து வந்துவிட்டது. நான் எடுத்துக்கொண்டது 1954-இல் இருந்த தோற்றம்.

அளவு 500-க்கு 1. அந்தக் கணக்கில் ஹோம் பிளேட்டிலிருந்து (பந்தை அடிப்பவர் நிற்கும் இடம்) இடப்பக்க எல்லைக்கு 279 அடி, அதாவது 17 சென்டிமீட்டர். வலப்பக்கம் 258 அடி, 15.7 சென்டிமீட்டர். நேர் எதிரே நடுவில் 483 அடி, 29.4 சென்டிமீட்டர். முதல் தடவை கணக்கில்தான் பிசகு என்று நினைத்து மறுபடி போட்டேன். பிசகே இல்லை. மைதானமே குளியல் தொட்டி மாதிரி நீளமானது. போன வாரம் காம்பஸை வைத்து அழகாக ஒரு வில் வரைந்து வெட்டியிருந்தேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதிரை லாடம் மாதிரி திரும்ப வரைந்தேன். லாடத்தின் திறந்த பக்கத்தில் இரண்டு திறந்தவெளி இருக்கை வரிசைகள், அவற்றின் இடையே உள்ளடங்கி வீரர்கள் உடை மாற்றும் கட்டடம். 1923-இல் மைதானத்தை விரிவாக்கிய பிறகு, ஜயண்ட்ஸ் ஆடிய நேஷனல் லீக் ஆட்டங்களில் அந்த நடு இருக்கைகளுக்குள் பந்தை அடித்தவர்கள் மூன்றே பேர். 1953-இல் ஜோ அட்காக், 1962 ஜூனில் அடுத்தடுத்த நாட்களில் லூ பிராக், ஹேங்க் ஏரன்.

தரையை ஒட்டி முடித்ததும் ஸ்கேலை எடுத்து ஒரு விளையாட்டு விளையாடினேன். 1954 செப்டம்பர் 29, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் முதல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 2-2. எதிரணியான கிளீவ்லாந்தின் விக் வெர்ட்ஸ் நடுப்பக்கம் அடித்த பந்து 400 அடிக்கும் மேல் போனது. ஜயண்ட்ஸின் வில்லி மேஸ் ஹோம் பிளேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தைப் பிடித்தார். (1983-இல் கபில் பின்னால் ஓடிப் பிடித்த கேட்ச் ஞாபகம் வராமல் போகாது.) பத்தாவது இன்னிங்ஸில் ஜயண்ட்ஸின் டஸ்டி ரோட்ஸ் வலப்பக்கக் கோட்டோரம் ஏறக்குறைய 260 அடிதான் அடித்தார். அது ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), ஆட்டம் 5-2 என்று ஜயண்ட்ஸுக்கு. என் அட்டையில் 24 சென்டிமீட்டரைத் தாண்டிய பந்து அவுட், 16-ஐத் தொடாத பந்து வெற்றி. எத்தனையோ முறை படித்த ஆட்டம்தான். இந்த ஸ்கேலை வைத்தபோதுதான் வெர்ட்ஸுக்காகப் பாவமாக இருந்தது.

சரி, தொங்கிய தளத்துக்கு வருகிறேன். இடப்பக்கத்தில் மேல்தளம் கீழ்த்தளத்தைவிட 21 அடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அது 1.3 சென்டிமீட்டர். கீழே நின்று பிடிக்கத் தயாராக இருப்பவரின் தலைக்கு மேலேயே பந்து மேல்தளத்தில் விழுந்து ஹோம் ரன் ஆகிவிடும். 1951-இல் பாபி தாம்சன் அடித்த பேர்பெற்ற ஹோம் ரன்னும் இடப்பக்கம்தான், ஆனால் அது விழுந்தது கீழ்த்தளத்தில். நிஜக் கட்டடம் இரும்பும் கான்கிரீட்டும். பழைய மர இருக்கைகள் 1911 ஏப்ரலில் எரிந்துபோக, ஜூன் கடைசியிலேயே புதிதில் ஆட்டம் தொடங்கிவிட்டார்கள். என்னிடம் இரும்பு இல்லை, விளக்குமாறு இருந்தது. ஈர்க்குச்சியை ஒடித்து அடியில் ஒரு விரல் இடைவெளிக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பசையை ஊசிமுனையில் தொட்டு வைத்தேன். இப்போது நிற்கிறது. பக்கத்தில் குனிந்து பார்த்தால் வலது ஓரம் லேசாக மேலே தூக்கியிருக்கும், அதை விட்டுவிட்டேன்.

1957 முடிந்ததும் ஜயண்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோ போய்விட்டது. 1962, 63 இரண்டு வருடம் மெட்ஸ் என்ற நியூயார்க்கின் புது அணி ஆடியது. 1964 ஏப்ரலில் இடிக்க ஆரம்பித்தார்கள். புரூக்ளினில் எபெட்ஸ் ஃபீல்ட் என்ற இன்னொரு பேஸ்பால் மைதானத்தை இடித்த அதே இரும்புக் குண்டு, பேஸ்பால் மாதிரி வண்ணமடித்தது. யாருக்கு வந்த யோசனையோ! இப்போது அங்கே 30 மாடியில் நாலு குடியிருப்புக் கட்டடங்கள்.

மிஞ்சியது ஒரு படிக்கட்டு. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருந்த கூகன்ஸ் பிளஃப் என்ற மேட்டிலிருந்து மைதானத்துக்கு இறங்குவது. 1913-இல் கட்டியது, அணியின் உரிமையாளராக இருந்த ஜான் டி. பிரஷ் பெயரில். 2014-இல் புதுப்பித்திருக்கிறார்கள். அதையும் செய்துவிடலாம் என்று சார்ட்டை விசிறி மடிப்பாக மடித்து, தெர்மகோலில் மேட்டையும் செதுக்கி எடுத்துவந்து வைத்தால், அடிப்பலகை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நாலு விரல்கடையோடு முடிந்துவிட்டது. படிக்கட்டு இப்போது மேசையில் தனியாக நிற்கிறது. சனிக்கிழமை இன்னொரு பலகை வாங்கி ஒட்டுப்போட வேண்டும்.