பாம்புக்குள் எங்கள் பிரிவுத் தலைவர்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் தொழிற்சாலையில் சனிக்கிழமை இரவுப் பணிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜப்பானியர்கள் லேசில் விடுப்பு எடுக்கமாட்டார்கள் என்று சென்னையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஷிமானே மாகாணத்தின் கடற்கரை ஊரான ஹமாதாவில், மீன் பொதியும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்த பிறகுதான் இந்த விதிவிலக்கு தெரிந்தது. அறுவடை முடிந்து கோயில் திருவிழாக்கள் களைகட்டும் காலம் அது. ஊருக்கு ஊர் விடிய விடிய இவாமி காகுரா நடக்கும்; இவாமி என்பது இந்த வட்டாரம், காகுரா என்பது தெய்வக் கதைகளைக் கோயிலில் முகமூடி கட்டி ஆடும் கூத்து. ஆடுகிறவர்கள் முழுநேரக் கலைஞர்கள் அல்லர். மீன் ஏலக்காரர், நகராட்சி எழுத்தர், பள்ளி மாணவன், எங்கள் வெல்டர் என்று எல்லோரும் உள்ளூர் ஆட்கள். இந்த வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

எங்கள் பிரிவுத் தலைவர் அதிர்ந்து பேசாத மனிதர். இயந்திரம் நடுவழியில் நின்றுவிட்டால்கூட, "கொஞ்சம் பார்க்கலாமா?" என்றுதான் கேட்பார். மதியச் சாப்பாடு முடிந்ததும் குச்சிகளால் மேசை விளிம்பில் தாளம் தட்டிக்கொண்டிருப்பார். குழுவில் உங்களுக்கு என்ன வேடம் என்று ஒருநாள் கேட்டேன்.

"பாம்பு."

"நாயகன் வேடம் தரமாட்டார்களா?"

"அதற்கு இளைஞர்கள் போதும். பாம்பு ஆடுவதற்குத் தொடையில் வலு வேண்டும்" என்றார்.

அவர் சொன்ன பாம்பு, எட்டுத் தலைகொண்ட ஒரோச்சி. ஒரு முதிய தம்பதியின் ஏழு மகள்களை ஆண்டுக்கு ஒருத்தியாக விழுங்கிவிட்டு, எட்டாவது மகள் குஷினாதாவுக்காக வருகிறது. வானுலகிலிருந்து துரத்தப்பட்ட சுசானோ என்னும் தெய்வம் சாகே மதுவை வைத்து அதை மயக்கி வெட்டிச் சாய்க்கிறது. வாலிலிருந்து ஒரு வாள் கிடைக்கிறது. ஜப்பானிய அரச குடும்பத்தின் மூன்று புனிதச் சின்னங்களில் ஒன்றாக அந்த வாள் போற்றப்படுகிறது. கதை இவ்வளவுதான். இங்கே கைக்குழந்தைக்கும் தெரிந்த கதை. பிறகு எதற்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்றால், பாம்பைப் பார்க்கத்தான்.

ஒத்திகை நடக்கும் சமூகக் கூடத்தில் அந்தப் பாம்பைக் கையால் தொட்டுப் பார்த்தேன். மூங்கில் வளையங்களை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் செகிஷூ காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அதே கைக்காகிதம்தான். சுருக்கினால் ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது. இழுத்தால் பதினேழு மீட்டர் அளவுக்கு நீள்கிறது. மீஜி காலத்தில் (1868–1912) ஒருவர் காகித விளக்கின் மடிப்பைப் பார்த்து இந்த உடலை உருவாக்கினாராம். அதற்கு முன்பு செதில் வரைந்த துணியை உடுத்திக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். இயந்திரக்காரனான எனக்கு இது அப்பட்டமான துருத்தி. ஒரே ஆள் உள்ளே நுழைந்து, தலையைத் தூக்கிப் பிடித்தபடி, மொத்த நீளத்தையும் தன் உடம்பால் சுழற்ற வேண்டும். முகமூடிகளும் காகிதம்தான். களிமண் அச்சின்மேல் சீமைப்பனிச்சை (பெர்சிமன்) சாறு கலந்த பசையால் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, உள்ளிருக்கும் களிமண்ணை உடைத்து எடுத்துவிடுகிறார்கள். மரத்தில் செய்தால் இந்த வேகத்தில் தலையைத் திருப்ப முடியாது. தலையில் மிச்சம் பிடித்த கனத்தை உடையில் ஏற்றிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்: தங்க, வெள்ளி இழைகளால் பூவேலை செய்த சில உடைகள் 20 கிலோவைத் தாண்டும்.

இந்த ஆட்டத்தை முன்பு ஆடியவர்கள் பூசாரிகள். மீஜி அரசு அவர்கள் ஆடக்கூடாது என்று தடுத்தபோது ஊர்க்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மந்தமாக இருந்த தாளம் பல குழுக்களில் துள்ளல் நடைக்கு மாறியது. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சி மேடையில் பல பாம்புகளை ஒன்றாக இறக்கிய பிறகு ஒரோச்சியின் புகழ் நாடெங்கும் பரவியது. அரசு அன்று தடுத்திராவிட்டால் எங்கள் பிரிவுத் தலைவருக்குப் பாம்பு வாய்த்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

திருவிழா இரவில் கோயில் மண்டபத்துத் தரையில் போர்வையோடு உட்கார்ந்தோம். எபிசு தெய்வம் தூண்டில் போடும் ஆட்டத்தில் மிட்டாயை அள்ளி வீச, பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்கினார்கள். அடுத்து வந்தவன் ஜின்ரின், வேற்று நாட்டிலிருந்து படையெடுத்து வரும் சிறகுள்ள அசுரன். அவன் மேடையேறியதும் வெல்டர் என் விலாவில் இடித்து, "உங்கள் ஊர்க்காரரா?" என்றார். விசா இருக்கிறதா என்று கேளுங்கள் என்றேன்.

கடைசியில்தான் ஒரோச்சி. புகைக்கு நடுவே, ஒரு தலைக்கு ஒரு பாம்பு என்ற கணக்கில் நான்கு பாம்புகள் புகுந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சுருண்டு, வாயிலிருந்து தீப்பொறி கக்கின. சின்ன மேடையில் அத்தனை மீட்டர் காகிதம் எப்படிச் சிக்காமல் சுழல்கிறது என்பதே எனக்குப் பெரிய புதிர். முன்வரிசைக் குழந்தைகள் அலறிக்கொண்டே இன்னும் நெருங்கிப் போனார்கள். மடிப்புகளுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட பாதங்கள் அவ்வப்போது தெரிந்து மறைந்தன. எவை எங்கள் பிரிவுத் தலைவருடையவை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாம்புகள் மதுக்குடத்தில் தலையை விட்டுக் குடித்தன, தள்ளாடின, சாய்ந்தன. சுசானோ ஒவ்வொரு தலையாக எடுத்து உயர்த்தியபோது பலத்த கைதட்டல். ஆனால் பாம்புகள் பின்னிப் பிணைந்து நின்றபோது எழுந்த ஆரவாரத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. வெட்டுப்பட்ட பாம்புக்குள் இருந்தவர்கள் காகித உடலோடு தவழ்ந்து திரைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் எட்டு மணிக்கு முன்பே வந்து எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். புகைக்குள் எதிரே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாது. பெரிய மேளம் சொல்லும். அடிப்பவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைக் கேட்பேன்."

மேளம் அடித்தவர் எங்கள் கிடங்குப் பொறுப்பாளர். தொழிற்சாலையில் இந்த இருவரும் பேசிக்கொள்வது உதிரிபாகப் படிவம் குறித்து மட்டும்தான். பேரிங் ஏன் இன்னும் வரவில்லை என்று இவர் எழுதுவார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று அவர் திருப்பி அனுப்புவார். அன்று மதியமும் ஒரு படிவம் அப்படித் திரும்பி வந்தது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் இலையுதிர் காலத்தில் வந்து கோயிலிலேயே பாருங்கள். மற்ற மாதங்களில் வந்தால், கொஞ்சம் தள்ளியுள்ள யுனோட்சுவில் வெந்நீர் ஊற்றுத் தெருவை ஒட்டிய தாட்சுனோகோசென் கோயிலில் சனிக்கிழமை இரவுகளில் ஆடுகிறார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் பாம்புக்குள் இருந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் எந்த வீடு, என்ன வேலை, அவர் அப்பா எந்த வேடம் கட்டினார் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் உங்களை விடுவார்கள்.