நான்காவது பீரியட் வரைக்கும்

கடைசிப் பீரியட் வந்தால் என் பேச்சு மூக்கு வழியாகப் போக ஆரம்பித்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பேன், பத்து நிமிடத்தில் 'ப'வும் 'ம'வும் ஒன்றுபோலக் கேட்கும். பிள்ளைகள் ஜலதோஷம் என்று நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு இடது இமை இறங்கியது. கரும்பலகையில் நான் போட்ட ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன். ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்து உட்கார்ந்தால் நாலு வாய்க்குள் தாடை ஓய்ந்துவிடும். கையால் தாங்கிப் பிடித்துத்தான் மெல்லுவேன். "என்ன மக்களே, பல்லுவலியா?" என்று அம்மா கேட்டாள்.

நோயின் பெயர் தெரிய ஏழு மாதம் ஆயிற்று. டாக்டரைப் பார்க்கப் போவது காலையில், காலையில் நான் நன்றாக இருப்பேன். ஒருவர் மன அழுத்தம் என்று எழுதித் தந்தார். அன்று பஸ்ஸில் மார்த்தாண்டம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். கடைசியில் தம்பிதான் ஒரு காரியம் செய்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு என்னை உட்காரவைத்து, பத்தாம் வகுப்புப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி கைபேசியில் வீடியோ எடுத்தான். முதல் பத்தியில் என் குரல், மூன்றாவது பத்தியில் யாரோ ஒருத்தியின் குரல்.

குழித்துறையிலிருந்து ரயிலேறி திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். முறை வரும்போது மதியம் கழிந்துவிட்டது. காத்திருந்த களைப்பில் இமை இறங்கியே இருந்தது, அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. வீடியோவைப் பார்த்துவிட்டு ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி இமைமேல் வைத்தார். இரண்டு நிமிடத்தில் இமை மேலே ஏறியது. பிறகு ரத்தப் பரிசோதனை, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை, நெஞ்சில் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன். கட்டி இல்லை. நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு தசைக்குச் சொல்லியனுப்பும் சேதியைக் கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். அதை வாங்கிக்கொள்ளும் இடங்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. அதனால்தான் தசை முதலில் ஒழுங்காக வேலை செய்து, செய்யச் செய்ய ஓய்ந்து, கொஞ்சம் இருந்தால் மறுபடி எழும்புகிறது.

பள்ளியில் முதல் தடவை பேசியதை நான் கெடுத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் அறையில் நின்று நரம்பு, எதிர்ப்பொருள், தசை என்று பாடம் நடத்தினேன். "டீச்சர், பிள்ளைகளுக்குத் தொத்துமா?" என்று கேட்டார். தொற்றாது என்றேன். கையில் இருந்த மருத்துவச் சான்றிதழில் 'ஓய்வு தேவை' என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்து என் இடத்தில் வேறொருவர் இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை, அந்த 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தை, எடுத்து வாசித்தேன். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்ற 20-ஆம் பிரிவின் காவல் அரசு நிறுவனங்களுக்குத்தான். நான் தனியார் பள்ளி. நாட்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பார்க்கின்சனும் பெயரோடு இருந்தன, என் நோயின் பெயர் இல்லை. ஆகவே, பேசித்தான் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் சான்றிதழை மாற்றி எழுதித் தரக் கேட்டேன். 'கற்பிக்கும் வேலை செய்யலாம். தொடர்ந்து வெகுநேரம் பேசுவதையும் கையை உயர்த்தி எழுதுவதையும் குறைக்க வேண்டும். மதியத்துக்கு மேல் பாரம் குறைவாக இருப்பது நல்லது.' இந்த மூன்று வரிதான் என் வேலையைக் காப்பாற்றியது. அதோடு ஒரு தாளில் என் கோரிக்கைகளை எழுதினேன். வகுப்புகள் முதல் நான்கு பீரியடுக்குள் வேண்டும், வகுப்பறை கீழ்த்தளத்தில் வேண்டும், ஒரு நாற்காலி வேண்டும், மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு விடுப்பு வேண்டும். கழுத்தில் மாட்டும் மைக்கை நானே வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்குக் கணக்குத் துறைக்கு வேண்டிய வினாத்தாள் எல்லாம் நான் தயாரித்துத் தருகிறேன். நோயைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தாளை வாசித்த தலைமையாசிரியர் கால அட்டவணையை எடுத்து மேசையில் விரித்தார். அப்போதே பாதிக் காரியம் முடிந்தது.

என் நாள் இப்போது மாத்திரையைச் சுற்றி ஓடுகிறது. பைரிடோஸ்டிக்மின் 60 மில்லிகிராம் போட்டு அரைமணி, முக்கால் மணி கழித்துத்தான் பலம் வரும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். 8.45-க்கு ஒன்று, முதல் மணிக்குத் தயார். 12.15-க்கு இன்னொன்று, சோறு மெல்ல. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு பிசையும், கூட ஒரு ஏத்தன் பழம் தின்றுவிடுவேன். கரும்பலகையில் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுகிறேன். நீளமான கணக்கை முந்தின நாள் ராத்திரியே சார்ட்டில் எழுதி வைத்துவிடுவேன். ஏப்ரல் வெயிலில் நிலைமை இன்னும் மோசம், ஈரத்துண்டு கழுத்திலேயே கிடக்கும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்க ஸ்டீராய்டும் அசாதயோப்ரினும் வேறு உண்டு. அசாதயோப்ரின் பலன் காட்ட மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்கள்தான் வேலையில் ஆக மோசமானவை. மருந்து தின்கிறாளே, ஏன் சரியாகவில்லை என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். "இன்னும் ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள் அக்கா" என்று தேதியோடு சொல்லப் பழகினேன்.

பர்ஸில் ஒரு அட்டை இருக்கிறது, எனக்கு ஆகாத மருந்துகள் எழுதியது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை, ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக்குகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், மெக்னீசியம் ஊசி. போன மழைக்காலத்தில் காய்ச்சலுக்குப் போன இடத்தில் சிப்ரோ எழுதினார்கள். அட்டையைக் காட்டியதும் மாற்றித் தந்தார்கள். காய்ச்சல் இந்த நோய்க்கு ஆகாது, மூச்சுத் தசையையே பிடித்துவிடும். அதனால் தினமும் ஒரே மூச்சில் எண்ணிப் பார்ப்பேன். எனக்கு 30 தாண்டும். அந்த வாரம் ஒரு நாள் 18-இல் நின்றது. பள்ளிக்குப் போகாமல் நேரே திருவனந்தபுரத்துக்குப் போனேன், ஐந்து நாள் படுத்துவிட்டு வந்தேன்.

இந்த ஜூனில் புதிய தலைமையாசிரியர் வந்திருக்கிறார். பழைய தாளிலேயே தேதியை மாற்றி முதல் நாளே கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நாலாவது பீரியட் ஏழு-பி போடட்டுமா டீச்சர், இல்ல அது கூடுதலாகிருமா?" என்று கேட்டார். போடலாம் சார் என்றேன்.