பெரிய மானிட்டர் வாங்கும் முன் மேசையை அளந்துவிடுங்கள்

வீட்டு அலுவலகத்துக்குப் பெரிய மானிட்டர் ஒன்று வாங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை அங்குலத்தில் வாங்கலாம் என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் முன், மேசையின் ஆழத்தையும், நாற்காலியில் இயல்பாகச் சாய்ந்து உட்காரும்போது கண்ணுக்கும் திரை வரப்போகும் இடத்துக்கும் உள்ள தொலைவையும் அளந்து சொல்லும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாள் முழுவதும் எழுத்தையும் அட்டவணையையும் பார்த்து வேலை செய்பவருக்கு இந்தத் தொலைவே அடிப்படை. திரையின் அளவு, அதில் இருக்க வேண்டிய பிக்சல் அடர்த்தி, தட்டையானதா வளைந்ததா என்ற முடிவு, ஸ்டாண்டா, மேசையில் பிணைத்துத் திரையைத் தாங்கும் ஆர்மா என்ற முடிவு ஆகிய எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கின்றன. நான் தமிழ்ப் பிரதிகளைச் செம்மைப்படுத்தும் வேலையில் இருப்பவன். ஆகவே இங்கே எழுதுவது விளையாட்டுக்கோ திரைப்படத்துக்கோ உகந்த திரையைப் பற்றியதன்று, படிக்கவும் எழுதவும் உகந்த திரையைப் பற்றியது.

விற்பனையில் சொல்லப்படும் அங்குலம் திரையின் மூலைவிட்ட நீளம். மேசையின் மீது அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை அந்த எண் நேரடியாகக் காட்டுவதில்லை. அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு என்ற வழக்கமான 16:9 வடிவில் 27 அங்குலத் திரை ஏறத்தாழ 60 செ.மீ. அகலமும் 34 செ.மீ. உயரமும் கொண்டது. 32 அங்குலம் என்றால் அகலம் 71, உயரம் 40. 43 அங்குலம் என்றால் 95, 53. அல்ட்ராவைட் எனப்படும் 34 அங்குலத் திரையோ 80 செ.மீ. அகலம் இருந்தும் உயரத்தில் 27 அங்குலத் திரையைத் தாண்டுவதில்லை. பல ஆவணங்களை அருகருகே வைத்து ஒப்பிடுபவர்களுக்கும் காணொளி தொகுப்பவர்களுக்கும் அந்த அகலம் பெரிதும் உதவும். ஆனால் நீண்ட கட்டுரையின் போக்கை ஒரே பார்வையில் பிடிக்க விரும்புபவருக்கு உயரமே முக்கியம் என்பதால், என் மனம் 16:9 பக்கமே சாய்கிறது. 32 அங்குலத் திரையில் மூன்று ஏ4 பக்கங்களை அவற்றின் உண்மை அளவிலேயே அருகருகே முழுமையாக வைக்கலாம். மெனுவுக்கும் டாஸ்க்பாருக்கும் அப்போதும் இடம் மிச்சமிருக்கும். இரண்டு சிறிய மானிட்டர்களைச் சேர்த்து வைப்பதைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. நேர் எதிரே நடுவில் விளிம்புக் கோடு வருவதில்லை, கழுத்து ஒரே பக்கம் திரும்பியபடி இருக்க வேண்டியதும் இல்லை.

இனி தொலைவுக்கு வருவோம். 60 செ.மீ. ஆழமுள்ள மேசையில், உடன் வரும் ஸ்டாண்டோடு மானிட்டரை வைத்தால், ஸ்டாண்டின் அடித்தளம் பின்பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்வதால் திரையின் முகம் முன்னால் தள்ளி வந்து, கண்ணுக்கும் திரைக்கும் இடையே பெரும்பாலும் 50 செ.மீ. அளவுக்கே மிஞ்சுகிறது. அந்தத் தொலைவில் 32 அங்குலத் திரை பார்வையில் ஏறத்தாழ 70 பாகை அகலத்தை அடைத்துக்கொள்ளும். மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கக்கூடத் தலையைத் திருப்ப வேண்டும். அதே திரையை 70 செ.மீ. தொலைவுக்குத் தள்ளினால் அது 54 பாகையாகக் குறைந்து, கண்ணசைவிலேயே பெரும்பகுதி அடங்கிவிடும். 27 அங்குலத் திரைக்கு இதே வசதி 60 செ.மீ. தொலைவில் கிடைத்துவிடுகிறது. ஆகவே மேசையின் ஆழம் 60 செ.மீ. மட்டுமே, அதை மாற்றவும் வழியில்லை என்றால், 27 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். 75 அல்லது 80 செ.மீ. ஆழம் இருந்தால் 32 அங்குலம் இயல்பாகப் பொருந்தும். 43 அங்குலத்துக்கு அதுவும் போதாது.

இந்த எண்களை நம்புவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வாங்க நினைக்கும் திரையின் அகல உயரத்துக்கு ஓர் அட்டையை வெட்டி, திரை வரும் இடத்தில் நிறுத்திவைத்து, அதன் எதிரே உட்கார்ந்து வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். அட்டையின் நான்கு மூலைகளிலும் சில வரிகளை எழுதிவைத்து அவற்றைப் படிக்க முயன்றால், கழுத்து எவ்வளவு அசைகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

தொலைவு முடிவானபின் பார்க்க வேண்டியது பிக்சல் அடர்த்தி, அதாவது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்பது. இயல்பான பார்வைத்திறன் உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தில் வழக்கமான கணக்கு. அதன்படி 80 செ.மீ. தொலைவில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 109 பிக்சல்களும், 70 செ.மீ.யில் 125-ம், 60 செ.மீ.யில் 145-ம் இருந்தால் தனித்தனிப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது. சாய்வான கோடுகளின் விளிம்பில் தோன்றும் சிறு படிக்கட்டுகளைக் கண் இதைவிடவும் நுட்பமாக உணரும் என்பதால், இவற்றைக் குறைந்தபட்ச அளவாகவே கொள்ள வேண்டும். 2560 × 1440 பிக்சல் கொண்ட 27 அங்குலத் திரையின் அடர்த்தி 109. அதே பிக்சல் எண்ணிக்கை 32 அங்குலத்தில் பரவினால் 92 ஆகக் குறைகிறது. 24 அங்குல 1920 × 1080 திரையின் அடர்த்தியும் அதுவே. 3840 × 2160 பிக்சல் கொண்ட 4கே திரை 32 அங்குலத்தில் 138 தரும், 27 அங்குலத்தில் 163 தரும். பெரிய திரையில் குறைந்த பிக்சல் என்ற சேர்க்கை விலையால் ஈர்க்கும். எழுத்து வேலைக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ் படிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியமானது என்பது என் உறுதியான எண்ணம். நம் எழுத்துகளில் வேறுபாடுகள் பல, சிறு சுழிகளில்தான் அடங்கியிருக்கின்றன. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையே ஒரு சுழிதான் வேறுபாடு; ‘கி’யை ‘கீ’யாக்குவது மேல்விலங்கின் நுனியில் இருக்கும் சின்னஞ்சிறு வளையம்; மெய்யின் தலையில் இருக்கும் புள்ளியோ அடர்த்தி குறைந்த திரையில் ஒரே ஒரு சாம்பல் பிக்சலாகக் கரைந்துவிடும். 11 புள்ளி அளவுள்ள எழுத்துரு, விண்டோஸில் 100 சதவீத அளவில், ஏறத்தாழ 15 பிக்சல் உயரத்துக்குள் வரையப்படுகிறது. மேலே எழும் குறி, கீழே இறங்கும் குறி எல்லாவற்றுக்கும் அதற்குள்ளேயே இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால், எழுத்தின் உடலுக்குக் கிடைப்பது அதில் பாதி அளவே. ‘ஞூ’ போன்ற எழுத்துகள் அந்த இடத்தில் திணறுகின்றன. அதே எழுத்தைக் கண்ணுக்கு அதே அளவில் 32 அங்குல 4கே திரையில் காட்டும்போது 22 பிக்சல் உயரம் கிடைக்கிறது. பரப்பில் கணக்கிட்டால் இரண்டேகால் மடங்கு பிக்சல்கள். மெய்ப்பு பார்ப்பவர்களின் கண்ணில் சந்திப்பிழையும் ஒற்றுப்பிழையும் தப்பாமல் படுவதற்கு இந்த வேறுபாடு நேரடியாக உதவுகிறது என்பதை என் அன்றாட வேலையில் உணர்கிறேன்.

4கே என்றவுடன் நான்கு மடங்கு இடம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. 32 அங்குலத் திரையில் எல்லாவற்றையும் 100 சதவீதத்தில் வைத்தால் எழுத்து மிகவும் சிறுத்துவிடும். ஆகவே விண்டோஸின் ஸ்கேலிங் அமைப்பில் 125 அல்லது 150 சதவீதம் வைத்துக்கொள்வதே வழக்கம். 150 சதவீதத்தில் வேலை செய்யும் இடம் 2560 × 1440 திரைக்குச் சமம், கூர்மை மட்டும் அதைவிட உயர்ந்தது. மேக் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேக் இயங்குதளத்தின் 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து, பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைக் கூர்மையாக்கும் முறையை ஆப்பிள் வழக்கத்திலிருந்து நீக்கிவிட்டதால், அடர்த்தி குறைந்த திரைகளில் மேக்கின் எழுத்து சற்று மங்கலாகவே தெரியும். அங்குலத்துக்கு 220 பிக்சலை ஒட்டிய 27 அங்குல 5கே (5120 × 2880) திரைகள் அவர்களுக்கு மிகவும் பொருத்தமானவை; அது இயலாதபோது 4கே திரையும் நன்றாகவே இருக்கும்.

43 அங்குல 4கே தொலைக்காட்சியையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அடர்த்தி 102 மட்டும் என்பது ஒருபுறமிருக்க, பல தொலைக்காட்சிகள் நிறத் தகவலைச் சுருக்கியே காட்டுகின்றன. படத்தில் அது தெரியாது; சிவப்புப் பின்னணியில் நீல எழுத்து என்பது போன்ற இடங்களில் விளிம்பு கரைந்து தெரியும். 4:4:4 என்ற முழு நிறத் தகவலை ஏற்கும் தொலைக்காட்சியாக இருந்து, அதில் கணினிக்கான அமைப்பையும் தேர்ந்தெடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஆழமான மேசை இல்லாதவர்கள் இந்த எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது.

திரையின் உள்ளே படத்தைக் காட்டும் பலகையான பேனலில் ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்ற வகைகள் உண்டு; நான் ஐபிஎஸ் பக்கம். விஏ பேனலின் கறுப்பு ஆழமானது. 3000:1 என்ற கான்ட்ராஸ்ட், அதாவது வெண்மைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளிர்வு விகிதம், அதில் சாதாரணம், வழக்கமான ஐபிஎஸ்ஸில் 1000:1 அளவே. இருந்தும் பெரிய விஏ திரையை அருகிலிருந்து பார்க்கும்போது ஓரங்களைச் சாய்கோணத்தில் காண்பதால், அங்கே நிறம் வெளிறுகிறது. ஐபிஎஸ் பிளாக் வகை 2000:1 அல்லது அதற்கு மேலும் தருவதால் இடைவெளியும் குறைந்துவருகிறது. ஓஎல்இடி பேனல்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் பலவற்றின் துணைப்பிக்சல் (பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகள்) அமைப்பு வழக்கமானதிலிருந்து வேறுபடுவதால் எழுத்தின் ஓரத்தில் நிறக்கசிவு தெரிவதும், டாஸ்க்பார் போல அசையாது நிற்கும் பகுதிகள் நாளடைவில் தழும்பாகப் பதிந்துவிடும் வாய்ப்பும் எழுத்து வேலைக்கு ஏற்றவை அல்ல. ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை மிகுத்துக் காட்டும் எச்டிஆர் வசதிக்கான முத்திரைகளை இந்த வேலைக்காகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் 120 ஹெர்ட்ஸ் கிடைத்தால் நீண்ட ஆவணத்தை உருட்டும்போது எழுத்து குறைவாகக் கலங்கும்; கிடைக்காவிட்டால் 60 போதும்.

மடிக்கணினியை ஒரே யுஎஸ்பி-சி கேபிளில் இணைத்து, படம், மின்சாரம், விசைப்பலகை எல்லாவற்றையும் அதிலேயே பெறுவது மேசையைத் தூய்மையாக வைத்திருக்கும் பெரிய வசதி. மடிக்கணினியின் சார்ஜரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து, மானிட்டர் தரும் மின்சாரம் அதற்கு இணையாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்; 65 வாட், 90 வாட் என்ற இரு அளவுகளே அதிகம் காணப்படுகின்றன. எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் படத்தை அனுப்பாது என்பதால், கணினியின் விவரப் பட்டியலில் அந்தப் போர்ட்டுக்கு டிஸ்ப்ளேபோர்ட் (திரைக்குப் படம் அனுப்பும் முறை) வசதி குறிப்பிடப்பட்டுள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். பழைய கணினியில் எச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருந்தால், 4கே திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். அந்த வேகத்தில் மௌஸ் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகர்வது எவரையும் களைப்படையச் செய்யும், எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால்தான் 60 கிடைக்கும்.

திரையின் மேல்வரி கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் அறிவுரை. 40 செ.மீ. உயரமுள்ள 32 அங்குலத் திரையில் இதைக் கடைப்பிடிக்க, ஸ்டாண்ட் நன்றாகத் தாழ்ந்து வர வேண்டும். பல மலிவான ஸ்டாண்டுகளில் உயரத்தை மாற்றவே வழியில்லை. இரட்டைக்குவி அல்லது பல்குவிக் கண்ணாடி அணிபவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்வதால், அவர்களுக்குத் திரை இன்னும் தாழ்வாக இருப்பது கட்டாயம். பின்புறம் 100 × 100 மி.மீ. இடைவெளியில் வெசா எனப்படும் பொது அளவுத் திருகுத் துளைகள் இருந்தால் மானிட்டர் ஆர்ம் பொருத்தி உயரத்தையும் தொலைவையும் விருப்பம்போல் அமைக்கலாம். மேசை சுவரை ஒட்டியிருந்தால், மடக்கும்போது ஆர்மின் முழங்கை பின்னால் நீட்டிக்கொள்ள இடம் கேட்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மானிட்டர் வந்து சேர்ந்ததும் முழுத் திரையையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக நிரப்பி, இறந்த பிக்சல்களும் ஓர ஒளிக்கசிவும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பிறகு ஒளிர்வைக் குறையுங்கள். தொழிற்சாலை அமைப்பு பெரும்பாலும் வீட்டு அறைக்கு மிக அதிகம். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையின் வெண்மை அந்தத் தாளின் வெண்மையோடு ஒத்துப்போகும்வரை இறக்கினால் கண்ணுக்கு இதமாக இருக்கும். பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோல் அச்சுகளையும் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும்வரை தூக்கி எறியாதீர்கள். இவ்வளவு அகலமான திரையை அவை இல்லாமல் சேதமின்றித் திருப்பி அனுப்புவது கடினம்.