சுவரோரம் சல்லி, மண்ணுக்குள் பொச்சுமட்டை

பதுளைப் பக்கத்து மானாப்புல் மலைகளைப்போல வெள்ளவத்தை எரியப்போவதில்லை. ஆனாலும் ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பிலும் மழை குறைகிறது. டிசம்பர் 31 இரவு வாணம் கூரைக்கு மேலே வெடிக்கிறது, பக்கத்து வளவில் சருகு கொளுத்துகிறார்கள். கலிபோர்னியக் காட்டுத்தீயிலும் பல வீடுகள் பற்றுவது காற்றில் வரும் தணலால்தான். அங்கே சுவரிலிருந்து 1.5 மீற்றருக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்கிறார்கள். தணலுக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்க ஒழுங்குசெய்யும் இந்த வெள்ளவத்தை முற்றத்துக்கும் அதே அளவுதான்.

முதல் வேலை, சுவரோரம் போட்டிருந்த தேங்காய்த் தும்புத்தூளை அள்ளியது. ஈரம் காக்க எல்லோரும் சொல்லும் பொருள் அது. காய்ந்தபின் தணல் விழுந்தால் சுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டிருக்கும். மேலால் தண்ணீர் தெளித்தால் போதாது, கிளறிக் கிளறி நனைக்க வேண்டும்.

அந்த இடத்தில் முக்கால் அங்குலச் சல்லிக்கல், 5 செ.மீ. கனத்துக்கு. 6 மீற்றர் நீளச் சுவருக்கு ஏறத்தாழ 16 கன அடி, அதாவது ஒரு கியூபில் (100 கன அடியில்) ஏறத்தாழ ஆறிலொரு பங்கு. கொட்டுமுன் சுவரிலிருந்து வெளியே 3 செ.மீ. சரிவு எடுக்கவேண்டும். புல் முளைக்காதென்று அடியில் பொலித்தீன் விரிப்பது வீண்வேலை: மே மாத மழையில் தண்ணீர் அதன்மேல் தேங்கும், சுவரடி ஊறும். முளைக்கும் புல்லைக் கையால் பிடுங்கினால் போயிற்று.

ஈரத்தைக் காக்கும் வேலை மண்ணுக்குக் கீழே. சுவரிலிருந்து 2 மீற்றர் தள்ளி 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால். தேங்காய் உரித்த பாதிப் பொச்சுமட்டைகளைக் குழிவுப்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வைத்து, நடுவில் 5 செ.மீ. மண், மேலே 20 செ.மீ. மண். 3 மீற்றருக்கு 60 மட்டை வரை பிடிக்கும். ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னரே புதைத்துவிடவேண்டும். பெப்ரவரியில் காய்ந்த மட்டையைப் புதைத்தால் அது செடிக்கு ஊற்றும் தண்ணீரைத்தான் முதலில் குடிக்கும். சுவரை நெருங்கிப் புதைத்தால் கறையானுக்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

கரையோர மணலில் பலன் நன்றாகத் தெரிகிறது. வாய்க்காலோரச் செவ்வரத்தை மதிய வெயிலில் துவண்டாலும் மாலையில் நிமிர்கிறது; ஐந்து நாளைக்கொரு தடவை 10 லீற்றர், மெதுவாக ஊற்றினால் போதும். மகரகம பக்கத்துக் கபுக் எனும் செம்பூரான்கல் மண் இறுக்கமானது. அங்கே அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகலாம், ஓர் அடுக்கே போதும்.

நித்தியகல்யாணிக்கும் கற்பூரவள்ளிக்கும் அவ்வளவு தண்ணீர்கூட வேண்டியதில்லை. சல்லிமேல் மண்சாடியில் கற்றாழை வைக்கலாம், காய்ந்த அடியிலையை மட்டும் அவ்வப்போது வெட்டவேண்டும். சாடிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது, டெங்கு நுளம்புக்கு அது போதும். போகன்வில்லா வறட்சியைச் சட்டை செய்யாது. ஆனால் அதன் கடதாசிப் பூ உதிர்ந்து கூரையோர மழைநீர்ப் பீலியை நிறைக்கும், ஆகவே கூரையை எட்டாத இடத்தில்தான் நடவேண்டும். தென்னையிலிருந்து விழும் பன்னாடை எல்லாவற்றையும்விட மோசம், அடுப்பு மூட்ட எடுப்பதே அதைத்தானே.

பீலி இன்னும் பாக்கி. டிசம்பர் கடைசி வாரத்தில் சருகை அள்ளிவிட்டு 3 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை அடிக்கவேண்டும். பிளாஸ்டிக் வலை மலிவுதான், தணல் விழுந்தால் உருகிவிடும்.